திரையும் பதிவேடும்

பெருங்கணினி என்று தமிழில் சொல்லப்படும் மெயின்பிரேம், தன்னுள் நிகழும் ஒவ்வொன்றையும் தானே எழுதிவைத்துக்கொள்ளும் இயல்புடைய இயந்திரம். ஒரு வேலை தொடங்கினால் ஒரு வரி, முடிந்தால் ஒரு வரி, வட்டில் இடம் குறைந்தால் ஒரு வரி, இயக்குநரின் விடைக்காகக் காத்திருந்தால் ஒரு வரி என்று இரவும் பகலும் சேர்ந்துகொண்டே போகும் இந்த வரிகளின் தொகுப்பே சிஸ்டம் லாக் எனப்படும் பதிவேடு. வங்கிக் கணக்குகளையும் காப்பீட்டு ஒப்பந்தங்களையும் சுமக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் இவ்வரிகள் மனிதக் கண் படித்து முடிக்கும் அளவைக் கடந்து பெருகுவதால், எதைத் திரையில் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று முன்கூட்டியே விதி வகுத்தாக வேண்டியிருக்கிறது. அவ்விதிக்கே ஃபில்டர், அதாவது வடிகட்டி, என்று பெயர். சிறு தொழில்நுட்ப ஏற்பாடாகத் தோன்றும் இதற்குள் பழைய மெய்யியல் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது: சிலவற்றைக் காணாதபடி செய்துகொள்வது அறிவுக்குத் துணையாகுமா, அறியாமையின் மற்றொரு வடிவமாகுமா?

இக்கேள்வி தமிழ்நாட்டில் வேறெங்கும் எழாத அளவு கூர்மையாக எழுந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. பெண்ணையாற்றின் தென்கரையில், சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற நெல்லிக்குப்பத்திலிருந்து மேற்கே பண்ருட்டிக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும், அவற்றை அடுத்து வடலூரும் வருகின்றன. நெல்லிக்குப்பத்துக்குக் கிழக்கே, இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுத்திரம் என்ற பெயரில் சமணப் பெரும்பள்ளி விளங்கிய ஊராகப் பெரிய புராணத்தில் காட்டப்படுகிறது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, 'உண்மை விளக்கம்' என்னும் சாத்திரத்தை இயற்றிய மனவாசகம் கடந்தாரின் ஊர். அதற்குச் சற்று வடக்கே உள்ள திருத்துறையூர் 'சிவஞான சித்தியார்' இயற்றிய அருணந்தி சிவாசாரியாரின் ஊர். மெய்கண்டார் பிறந்த பெண்ணாகடமும் உமாபதி சிவாசாரியார் வாழ்ந்த சிதம்பரமும் இதே மாவட்டத்தில் உள்ளன. அறிவு எவ்வாறு மறைகிறது, எவ்வாறு விளங்குகிறது என்பதையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர்கள் இத்தனை பேர் ஒரே வட்டாரத்தில் தோன்றியிருக்கும்போது, கணினித் திரையின் முன் எழும் கேள்வியை அவர்களிடம் கொண்டுசெல்வது வலிந்து பொருத்துவதாகாது.

முதலில் இயந்திரத்தின் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1964 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையின் வழிவந்ததே இன்றைய பெருங்கணினிகளில் பெரும்பாலானவற்றில் இயங்கும் இசெட்/ஓஎஸ் என்னும் இயக்க முறைமை. அதே வரிசையின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த 370/155 கணினி 1973 இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் அயல்நாட்டு வங்கிகளின் பெருங்கணினிகளை இரவு முழுவதும் கவனித்துக்கொள்ளும் வேலை சென்னை இளைஞர்கள் பலருக்கு வாழ்க்கைத் தொழிலாகவே ஆயிற்று. அவர்கள் பார்க்கும் பதிவேட்டின் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. ஐஇஎஃப்403ஐ என்றால் ஒரு வேலை தொடங்கிவிட்டது. ஐஇஎஃப்404ஐ என்றால் அது முடிந்துவிட்டது. முதல் மூன்று எழுத்துகள் செய்தியை அனுப்பிய உறுப்பையும், எண் செய்தியின் வகையையும், கடைசி எழுத்து அதன் தன்மையையும் குறிக்கும். கடைசி எழுத்து 'ஐ' ஆனால் வெறும் தகவல். 'ஏ' ஆனால் இயக்குநர் உடனே செயல்பட வேண்டும். 'டி' ஆனால் அவர் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காகப் பெயரிடப்பட்டிருப்பதனால் விதி வகுப்பது எளிது. எம்பிஎஃப் என்று சுருக்கி வழங்கப்படும் செய்தி கையாளும் வசதியில், அடக்க வேண்டிய செய்திகளின் குறிகளை ஒரு பட்டியலில் எழுதிவைத்தால், அவை கன்சோல் எனப்படும் இயக்குநர் திரைக்கு வாராமல் நின்றுவிடும். அவ்வாறு திரையில் அடக்கப்பட்ட செய்தி பதிவேட்டுக்குப் போகாமல் நிற்பதில்லை. கண்ணுக்கு மறைக்கப்பட்டதேயன்றி ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனால் அதே வசதியோடு இணைத்து எழுதப்படும் சிறு நிரல் ஒன்றின் மூலம், ஒரு செய்தியைத் திரைக்கும் போகவிடாமல், பதிவேட்டுக்கும் போகவிடாமல், பிறந்த இடத்திலேயே இல்லாமல் ஆக்கிவிடவும் முடியும். ஆக, மறைத்தல், அழித்தல் என்னும் இரு செயல்களையும் ஒரே இயந்திரம் தனித்தனியே மனிதன் கையில் கொடுத்துவைத்திருக்கிறது. இரண்டுக்கும் திரையில் தெரியும் விளைவு ஒன்றே, அதாவது அமைதி. அந்த அமைதி இரண்டிலும் ஒரே பொருளுடையதா என்பதில்தான் இக்கட்டுரையின் அக்கறை முழுவதும் இருக்கிறது.

மறைப்பு எதுவாயினும் தீங்கே என்று கொள்ளும் தரப்புக்கு வலிமையான சான்று சமண மெய்யியல். சமணர் கொள்கைப்படி உயிர் இயல்பிலேயே முற்றறிவு உடையது. மூன்று காலத்தையும் எல்லாப் பொருளையும் ஒருசேர அறியும் கேவல ஞானம் அதற்கு வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை, உள்ளே இருந்து மூடிக்கிடக்கிறது. மூடுவன வினைகள். எண்வகை வினைகளில் ஞானாவரணீயம் அறிவை மறைப்பது. அதைக் கண்ணுக்கு முன் தொங்கும் துணிக்கு ஒப்பிடுவது மரபு. தரிசனாவரணீயம் காட்சியை மறைப்பது; அது அரசனைக் காண வந்தவனை உள்ளே விடாத வாயிற்காவலனுக்கு ஒப்பிடப்படும். இந்த நோக்கில் வடிகட்டி என்பது வாயிற்காவலனே. அவனை நீக்குவதே அறிவின் பயணம். எல்லாவற்றையும் பதிவுசெய், எல்லாவற்றையும் காட்டு, ஒன்றையும் விலக்காதே என்று இன்றைய கணினித்துறையில் சிலர் கூறும்போது, தாம் அறியாமலே அவர்கள் இப்பழைய கொள்கையின் அருகில் வந்துநிற்கிறார்கள்.

ஆயினும் முற்றறிவை இன்னும் அடையாத உயிருக்கு, எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டுவது என்ன விளைவைத் தரும் என்பதை அண்மைக் கால வரலாறு தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. அவற்றுள் முக்கியமற்றவற்றை அடக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாமையால், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உண்மையான கோளாற்றை இனங்காண முடியாமல் திணறினர் என்று விசாரணைக் குழு பதிவுசெய்தது. செய்திகளை அச்சிட்ட பொறியும் நிகழ்வுகளுக்கு மிகவும் பின்தங்கிவிட்டது. அதாவது, தாளில் வந்துகொண்டிருந்தது நிகழ்காலமே அன்று. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய பதினொரு நிமிடங்களுக்குள் இரண்டு பணியாளர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்னும் அளவே ஒரு மனிதர் நிதானமாகக் கையாளத்தக்கது என்று இத்துறையின் வழிகாட்டு நூல்கள் பின்னர் வரையறுத்தன. இந்நிகழ்வுகளில் உண்மை மறைக்கப்படவில்லை, முழுவதும் காட்டப்பட்டது, காட்டப்பட்ட அளவினாலேயே அது காணப்படாமல் போயிற்று.

நெய்வேலி போன்ற இடத்தில் இது நூலறிவாக மட்டும் நில்லாது. 1957 மே 20 அன்று சுரங்கப்பணி தொடங்கிவைக்கப்பட்டு, 1962 முதல் மின்னுற்பத்தியும் நடந்துவரும் அந்நகரில், பூமிக்கடியில் உள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தை இடைவிடாது நீர் இறைத்துத் தணித்தால்தான் நிலக்கரிப் படுகையின் தளம் பொங்கி உடையாமல் இருக்கும். ஆகவே அங்கே கவனம் என்பது உயிர்காக்கும் தொழில். அனல்மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் பொதுவாக அமைந்திருக்கும் அலாரப் பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அப்பலகையில் ஒரு கோளாறு தோன்றியதும் அதற்குரிய கட்டம் விட்டுவிட்டு ஒளிரும், ஒலிப்பானும் அலறும். பணியில் இருப்பவர் 'அக்செப்ட்' என்னும் பொத்தானை அழுத்தினால் ஒலி நின்றுவிடும், ஒளி நிலையாக எரியத் தொடங்கும். கோளாறு உண்மையிலேயே தீர்ந்த பிறகே 'ரீசெட்' பொத்தானால் அந்த ஒளியை அணைக்க இயலும். இடையில் நடந்தவை அனைத்தும் நிகழ்வு வரிசைப் பதிவியில் மில்லிநொடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஒலியை அடக்குவதும் ஒளியை அணைப்பதும் இரு வேறு பொத்தான்களாக வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. முதலாவது மனிதனின் செவிக்குச் செய்யும் உதவி. இரண்டாவது உலகின் நிலையைப் பற்றிய கூற்று. ஒன்றை மற்றொன்றாக மயங்குபவன் கேட்கும் அமைதி பொய்யான அமைதி.

இவ்விடத்தில்தான் சைவ சித்தாந்தத்தின் துணை தேவைப்படுகிறது. இறைவன் செய்யும் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இவற்றுள் மறைத்தல் இடம்பெற்றிருப்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வியப்பைத் தரும். அருளே வடிவான இறைவன் எதற்காக எதையும் மறைக்க வேண்டும்? சித்தாந்தம் கூறும் விடை இது: ஆணவம் என்னும் மூலமலம் முற்றிப் பழுக்காத நிலையில் உள்ள உயிருக்கு உண்மை முழுவதையும் ஒருங்கே காட்டினால் அது தாங்காது, ஆகவே இறைவனின் ஆற்றல் திரோதானம் என்னும் பெயரில் தன்னை மறைத்துக்கொண்டு, உயிரை உலக அனுபவங்களின் பால் செலுத்தி, வினைகளை நுகரச்செய்து, மலத்தைப் பக்குவப்படுத்துகிறது, பக்குவம் வந்ததும் மறைத்துநின்ற அதே ஆற்றலே அருளாற்றலாக வெளிப்படுகிறது. மலத்தோடு கூடி நின்று தொழிற்படுவதனால் திரோதானமும் மலம் என்று உபசாரமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் அதன் உள்ளியல்பு அருளே.

திருவதிகை மனவாசகம் கடந்தார் இந்த ஐந்து தொழில்களையும் ஆடவல்லான் திருமேனியில் வைத்துக் காட்டிய முறை ஊன்றி நோக்கத்தக்கது. படைத்தல் உடுக்கையில், காத்தல் அமைந்த கையில், அழித்தல் தீ ஏந்திய கையில், மறைத்தல் ஊன்றிய திருவடியில், அருளல் தூக்கிய திருவடியில். அழித்தல் மேலே ஒரு கையில் இருக்கிறது. மறைத்தல் கீழே தரையில் ஊன்றியிருக்கிறது. இரண்டும் ஒரே மேனியைச் சேர்ந்தவையாயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வைக்கப்படவில்லை. மேலும், மறைக்கும் திருவடிக்கு இணை அழிக்கும் தீயன்று, அருளும் திருவடியே. ஊன்றிய அடியின் வலுவில்தான் மற்ற அடி தூக்கப்பட்டிருக்கிறது. மறைத்தலைப் பற்றிய இவ்வளவு நுட்பமான சிந்தனை உலகின் வேறு எந்தச் சிற்பத்திலாவது உண்டா என்பது ஐயமே.

இக்கொள்கையைப் பதிவேட்டின் மீது வைத்துப் பார்த்தால், வடிகட்டி எப்போது நன்மையாகும் என்பதற்குரிய அளவுகோல் கிடைத்துவிடுகிறது. மறைக்கப்பட்டது எங்கோ முழுமையாக இருக்க வேண்டும். மறைப்பு காண்பவனின் தகுதியைக் கருதியதாக இருக்க வேண்டும். உரிய காலத்தில் அது விலகக்கூடியதாக இருக்க வேண்டும். பதிவேட்டில் வரி இருக்க, திரையில் மட்டும் அதை அடக்கிவைப்பது திரோதானத்தின் முறை. பதிவேட்டிலும் அதை இல்லாமல் செய்வது அழித்தலின் முறை. அழித்தலும் சில வேளைகளில் தேவையே. வட்டின் இடம் எல்லையற்றதன்று, பழைய ஏடுகள் குறித்த காலத்துக்குப் பின் நீக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அழிப்பவன் தான் அழிக்கிறான் என்று அறிந்து, அதற்குரிய பொறுப்போடு அழிக்க வேண்டும். மறைப்பதாக எண்ணிக்கொண்டு அழித்துவிடுதல் கூடாது.

இதைவிட ஆழமான எச்சரிக்கை ஒன்றை உமாபதி சிவாசாரியார் தருகிறார். நூறு குறட்பாக்களால் ஆன அவருடைய 'திருவருட்பய'னின் மூன்றாம் அதிகாரம் ஆணவ மலத்தின் இயல்பைப் பேசுவது. அதில் புற இருளுக்கும் ஆணவ இருளுக்கும் இடையே அவர் காணும் வேறுபாடு இந்திய மெய்யியலின் அரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று எனலாம். புற இருள் பொருள்களை மறைக்கும்; ஆனால் தான் இருப்பதை மறைக்காது. இருட்டறையில் இருப்பவனுக்கு நாற்காலி தெரியாவிடினும் இருட்டு தெரிகிறது. ஆகவே அவன் விளக்கைத் தேடுகிறான். ஆணவமோ பொருள்களை மறைப்பதோடு, தான் மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே மறைத்துவிடும். அதனால் கட்டுண்டவனுக்குத் தன் முன் திரை இருப்பதே தெரியாது. தெரிவதே முழு உலகம் என்று நம்பிவிடுகிறான்.

பதிவேட்டை ஆராய்பவருக்கு நேரும் பிழைகளில் மிகக் கொடியது இதுவே. ஒருவர் நேற்று ஒரு தேவைக்காக வேலையின் பெயர், நேரம், செய்திக் குறி ஆகியவற்றை வைத்து ஒரு வடிகட்டியை அமைத்தார்; இன்று வேறொரு கோளாற்றைத் தேடும்போது அது இன்னும் நடைமுறையில் இருப்பதை மறந்துவிட்டார்; திரையில் பிழை எதுவும் இல்லை; ஆகவே கணினியில் பிழை எதுவும் இல்லை என்று முடிவுகட்டுகிறார். அல்லது பல ஆண்டுகளுக்கு முன், இன்று பணியில் இல்லாத யாரோ எழுதிவைத்த அடக்கப் பட்டியல் ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. அதில் எந்த வரி எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. இந்நிலையில் வடிகட்டி இருட்டறை என்னும் தன்மையை இழந்து ஆணவத்தின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. ஆதலால் பட்டியலின் ஒவ்வொரு குறிக்கும் எதிரே அதைச் சேர்த்த காரணத்தையும் நாளையும் எழுதிவைக்கும் வழக்கத்தை அலுவலக ஒழுங்காக மட்டும் கருதுவது போதாது. மறைப்பு தன்னைத்தானே மறைத்துக்கொள்ளாதபடி தடுக்கும் சாதனம் அது.

மறைப்பினால் அறிவு குறைகிறது என்பது பாதி உண்மையே என்பதைச் சித்தாந்தத்தின் தத்துவக் கணக்கும் காட்டும். முப்பத்தாறு தத்துவங்களுள் கலை, வித்தை, அராகம், காலம், நியதி என்னும் ஐந்தும் உயிருக்குச் சட்டை போல அமைவதால் பஞ்ச கஞ்சுகம் எனப்படும். கஞ்சுகம் என்றால் சட்டை. கலை ஆணவத்தின் மறைப்பைச் சிறிதளவு விலக்கி உயிரின் செயலாற்றலைத் தூண்டும். வித்தை அறிவாற்றலைத் தூண்டும். அராகம் விருப்பத்தை எழுப்பும். காலம் எல்லை வகுக்கும். நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுக்கும். உயிரை ஒரு சிறு வட்டத்துக்குள் நிறுத்துவனவும் இவையே, அந்த வட்டத்துக்குள் அதை அறியவும் செயற்படவும் வைப்பனவும் இவையே. சட்டை இல்லாத உயிர் விரிந்த அறிவோடு திகழும் என்பதில்லை. ஆணவத்தில் அழுந்தி ஒன்றும் அறியாத கேவல நிலையில் கிடக்கும். கேவலம் என்னும் ஒரே சொல் சமணருக்கு முற்றறிவையும் சைவருக்கு முழு அறியாமையையும் குறிப்பது ஒரு வட்டாரத்தின் இரு சமயங்களுக்கிடையே நடந்த நெடிய உரையாடலின் தடமாகும். வரம்பின்றிக் காணும் நிலை வேறு. வரம்பே அமையாத நிலை வேறு.

அளவை இயலிலும் இதற்கு இடம் உண்டு. அளவை என்பது அறிவை அளந்து உறுதிசெய்யும் வழி. காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இரண்டாகப் பகுப்பர். பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் தோன்றி, இன்னது என்று தெளியாமல் நிற்பது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் வேறுபாடுகளோடு இன்னது என்று தெளிவது சவிகற்பம். கணினியின் வடிகட்டி சவிகற்பத்திலேயே வேலை செய்கிறது. அது குறியைப் பார்த்து வகைப்படுத்தும். குறிக்கு அப்பால் உள்ளதைப் பார்க்காது. இதனால் நேரும் பிழைக்கு ஐஇஎஃப்450ஐ என்னும் செய்தி கண்முன் நிற்கும் சான்று. ஒரு வேலை இயல்பாக முடியாமல் இடையிலேயே முறிந்து விழுந்துவிட்டது என்பதை அறிவிப்பது அச்செய்தி. நள்ளிரவில் வங்கியின் கணக்கு முடிப்பு நின்றுபோனதை அறிவிப்பதும் அதுவே ஆகலாம். ஆயினும் அதன் கடைசி எழுத்து 'ஐ', அதாவது வெறும் தகவல். இயக்குநர் அதற்கு விடை எதுவும் தட்ட வேண்டியதில்லை என்னும் பொருளில் இயந்திரம் அவ்வாறு பெயரிட்டது. முக்கியமற்றது என்னும் பொருளில் பெயரிடவில்லை. 'ஐ' என முடிவன அனைத்தையும் அடக்கு என்று விதி எழுதுபவர், பெயரின் பொருளை உணராமல் பெயரை மட்டும் நம்பியவராவார். சாதியை வைத்துத் தனியொருவரை மதிப்பிடும் பிழைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இனங்குறிக்கும் எழுத்து அந்த இனத்துள் நிற்கும் ஒன்றின் உண்மையைச் சொல்லிவிடாது.

வடிகட்டியால் பிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு: வரவேண்டியிருந்தும் வாராத செய்தி. இரவு ஒரு மணிக்குத் தொடங்கிய வேலைக்கு 403 என்னும் வரி வந்தது. 404 வரவில்லை, 450-உம் வரவில்லை. பதிவேட்டில் இல்லாத வரியை எந்தக் குறியை வைத்துத் தேடுவது? இல்லாமையை அறிவதற்குத் தனி அளவை வேண்டும் என்று குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர் வாதிட்டனர். அருணந்தி சிவாசாரியாரும் பிறர் கூறும் பத்து அளவைகளைத் தொகுத்துரைக்கும்போது அபாவம் என்னும் பெயரில் அதைக் குறிப்பிட்டுவிட்டு, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றிலேயே மற்றவை அடங்கும் என்று முடிவுசெய்கிறார். இல்லாமை தனி அளவையாயினும் ஆகாவிடினும், அதை அறிய ஒன்று தேவை: எதிர்பார்ப்பு. பானை இருக்க வேண்டிய இடம் தெரிந்தவனுக்கே பானை இல்லாமை தெரியும். அவ்வாறே, எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்று அறிந்த மனிதருக்கே வாராத 404 கண்ணில் படும். இத்தகைய எதிர்பார்ப்புகளையும் இன்று விதிகளாக எழுதி இயந்திரத்திடம் கொடுக்க முடிகிறது என்பது உண்மை. ஆனால் எதை எதிர்பார்ப்பது என்பதை முதலில் ஒரு மனிதர் எண்ணியிருக்க வேண்டும்.

இல்லாமைக்கும் ஏட்டில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்னும் உணர்வு இந்நிலத்துக்குப் புதிதன்று. 'லோகவிபாகம்' என்னும் சமண நூல் பாடலிகை என்னும் ஊரில், சக ஆண்டு 380 இல், அதாவது கி.பி. 458 இல், சர்வநந்தி என்பவரால் எழுதி முடிக்கப்பட்டது என்று அதன் பிற்கால வடமொழி வடிவம் குறிப்பிடுகிறது. அந்தப் பாடலிகையைத் திருப்பாதிரிப்புலியூராகவே அறிஞர் பலர் கொள்வர். எண்களை இடமதிப்பு முறையில், வெறுமையைக் குறிக்கும் சொல்லையும் ஓர் இலக்கமாக வைத்துச் சொல்லும் வழக்கத்துக்குக் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது. ஒரு தானத்தில் ஒன்றும் இல்லை என்றால் அந்தத் தானத்தை விட்டுவிடாமல், 'இங்கு ஒன்றும் இல்லை' என்று எழுதிச் செல்வதே சுழியத்தின் பணி. வடிகட்டி ஒன்றை அமைத்தவர், இந்த இரவில் அது இத்தனை வரிகளை மறைத்தது என்னும் எண்ணிக்கையையும் திரையின் ஓரத்தில் காட்டச் செய்வாராயின், மறைப்பின் இருப்பு மறையாது; அந்த எண்ணிக்கை சுழியமாக இருந்தாலும் அது செய்தியே.

பட்டியலில் இல்லாத புதிய செய்தி வந்தால் என் செய்வது என்பது கடைசியாக எழும் கேள்வி. இதற்கு விடை சொல்வதில் நெய்வேலியின் தோற்றமே உதவுகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் குழாய்க்கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. அவர் தேடியது நீர். தேடியதற்கு மட்டுமே வழிவிடும் மனம் வாய்த்திருந்தால், கரித்துகள் நீரைக் கெடுக்கும் அழுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் அதை ஒதுக்காமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் நடந்த ஆய்வுகள் பழுப்பு நிலக்கரிப் படுகையை உறுதிசெய்தன. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. எம்பிஎஃப் வசதியின் வழக்கமான அமைப்பும் இந்த மனநிலையையே பின்பற்றுகிறது: அடக்கப் பட்டியலில் பெயர் உள்ளவை மட்டுமே அடக்கப்படும், பெயர் தெரியாத எதுவும் திரைக்கு வந்துவிடும். இதைத் தலைகீழாக்கி, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் காட்டு, மற்றவற்றை அடக்கு என்று அமைப்பதும் இயலும். அவ்வாறு அமைத்தவரின் திரை மிகத் தூய்மையாக இருக்கும். ஆனால் இதுவரை எவரும் கண்டிராத கோளாறு முதல்முறை வரும்போது அவர் திரையில் அது வராது. முன்பின் அறியாத ஒன்றை வரவிடுவது நல்ல வடிகட்டியின் இலக்கணங்களில் முதலாவதாக வைக்கத்தக்கது.

நெய்வேலியை அடுத்த வடலூரில் இவ்வளவும் கட்டடமாகவே நிற்கிறது. வள்ளலார் இராமலிங்க அடிகள், பார்வதிபுரம் மக்கள் வழங்கிய நிலத்தில் 1867 இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதே இடத்தில் எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று நடந்தது. அச்சபையின் உள்ளே எரியும் சோதிக்கு முன் கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. அவை முறையே மாயாசத்தி, கிரியாசத்தி, பராசத்தி, இச்சாசத்தி, ஞானசத்தி, ஆதிசத்தி, சிற்சத்தி என்னும் ஆற்றல்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும். ஆன்ம ஒளியை மறைக்கும் அறியாமைத் திரைகளே இவை என்பது வள்ளலாரின் கருத்து. சாத்திரங்களில் பற்று வைக்க வேண்டாம் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறிய அவர், மறைப்பைப் பற்றிய இக்கருத்தை ஒரு சூத்திரமாக எழுதிவைப்பதோடு நில்லாமல், எழுத்தறியாத உழவரும் கண்ணால் கண்டு உணரும்படி துணியாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு திரைக்கும் தனி நிறம் உண்டு. தான் திரை என்பதை அது ஒளிப்பதில்லை. எத்தனை திரைகள் உள்ளன என்பதும் வந்து நிற்பவர் அனைவருக்கும் தெரியும். அதன் பின்னால் விளக்கு அணைக்கப்படுவதும் இல்லை.

மாதந்தோறும் பூச நாளில் ஆறு திரைகளும், தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக்கப்பட்டுச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது. தரிசனம் முடிந்ததும் ஏழும் மீண்டும் முன்போல் தொங்கவிடப்படுகின்றன.